ஐம்பது லிட்டர் வெந்நீர்

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே கையை நீட்டியபடி யாகொடா நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சூடு மட்டும் வரவில்லை. விரல்கள் மரத்துப்போன பிறகுதான் மூடினாள். பக்கத்து வீட்டுக் கொசாரா கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"வரலையா?"

"ஐஸா வருது அத்தை."

"விட்டுத் தள்ளு. எங்க வீட்டு அடுப்புல ரெண்டு குண்டான் தண்ணி ஏத்தி வச்சிருக்கேன். உங்கப்பாவக் குளிப்பாட்ட அது தாராளம்."

யாகொடாவின் அப்பா விதோமிர் அன்று விடிகாலையில் உள்ளறைக் கட்டிலில் இறந்துபோயிருந்தார். கையில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் இருந்தாள். பெல்கிரேடிலிருந்து முந்தைய நாள் கடைசி பஸ்ஸில் வந்திறங்கிய யாகொடாவும் இருந்தாள். ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் தம்பி போயன் வழியில் இருந்தான். முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போர்த்தியாயிற்று. முன்னறை மேஜையை இழுத்து நீட்டி வெள்ளை விரித்தாயிற்று. உடம்பு விறைப்பதற்குள் ஆண்கள் குளிப்பாட்டி, அலமாரியில் உறைபோட்டுக் காத்திருந்த கோட்டு சூட்டை மாட்டிவிட வேண்டும். அதற்காக அப்பாவின் தம்பி ராதிசாவும் கொசாராவின் புருஷனும் சமையலறையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

தண்ணீர்தான் இல்லை. குண்டான் தண்ணீர் யாகொடாவுக்கு ஒப்பவில்லை. அவள் குளியல் தொட்டிக்கு மேலே தொங்கிய கீசரை நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது லிட்டர். வெள்ளைப் பெயின்ட் மஞ்சளாகிப்போன வயிறு. போயன் பிறந்த வருஷம் அப்பா அதை முதுகில் சுமந்துகொண்டு வந்ததாகச் சொல்வார்கள்.

அந்த வீட்டில் கரண்ட் இரண்டு ஜாதி. பகலில் ஓடுவது விலைக் கரண்ட். ராத்திரி பத்து மணிக்கு மேல் வருவது மலிவுக் கரண்ட். பத்து அடிக்கப் போகிறதென்றால் அப்பா கூடத்து மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றுவிடுவார். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். "வந்தாச்சு" என்பார், விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. அவ்வளவுதான், தூங்கப் போகிற நேரத்தில் வீடு விழித்துக்கொள்ளும். துவைக்கும் மெஷின் சுற்றும், அம்மா ரொட்டி மாவை மின்சார ஓவனுக்குள் தள்ளுவாள், இஸ்திரிப் பெட்டி சூடாகும். தெருவில் எல்லா வீடும் இதே கூத்துதான். மற்ற ஊர்களில் மனிதர்கள் பகலில்தான் துவைக்கிறார்கள் என்பதையே யாகொடா கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டாள்.

ராத்திரி காய்ந்த அந்த ஐம்பது லிட்டர்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் குளியலுக்கு. தீர்ந்தால் தீர்ந்தது, பகலில் கீசரைத் தொட அப்பா விடமாட்டார். முதலில் போயன், அப்புறம் அவள், அப்புறம் அம்மா. கடைசியில் அப்பா. அவர் முறை வரும்போது கீசரில் வெந்நீர் என்கிற பேர்தான் மிச்சமிருக்கும். குளித்துவிட்டு உதடு நீலம்பாரிக்க வெளியே வருவார். "கொதிக்குதுடா சாமி, தோலே உரிஞ்சிருச்சு" என்பார். பிள்ளைகள் நம்பினார்கள். நல்ல தண்ணீரையெல்லாம் அப்பாவே வைத்துக்கொள்கிறார் என்று போயன் ஒருமுறை அழக்கூடச் செய்தான். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள். கணப்பின் மேல் விரித்துப் போட்டிருக்கும் துண்டை எடுத்து அப்பாவின் தலையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

யாகொடா உள்ளறைக்குப் போனாள். ஜன்னலில் கனத்த திரை. மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும். அம்மா ஸ்தமெனா கட்டில் ஓரத்தில், கணப்பில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கீசரப் போடப்போறேன்."

"இப்பவா? விலைக் கரண்ட்டுடி ஓடுது."

"அப்பாவுக்கும்மா."

"அவருக்கா? அது தெரிஞ்சா எந்திரிச்சு உக்காந்துருவாரு." சொல்லிவிட்டு அம்மா கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

யாகொடா போய்ச் சுவிட்சைப் போட்டாள். கீசரின் அடியில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கூடத்திலிருந்து 'டப்'பென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு செத்தது. சமையலறை விளக்கும் போயிற்று. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றதும் வீடே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

"எவ கைய வச்சது?" என்று கேட்டபடி ராதிசாவ் டார்ச்சோடு வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து பீங்கான் ஃபியூஸைத் திருகி எடுத்து மோந்து பார்த்தார். "பொசுங்கிருச்சு. கீசர் கெட்டுப்போகலம்மா. வீட்டுல வேற எதோ பெருசா இழுத்துட்டிருக்கு. அது கூட இதுவும் சேர்ந்ததும் தாங்கல. என்ன ஓடுதுன்னு பாரு."

ரொட்டி சுடும் ஓவன் ஜில்லென்று இருந்தது. துவைக்கும் மெஷினின் பிளக்கே மாட்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் உள்ளறைக் கணப்பின் மேல் கை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

இரும்புப் பெட்டிக்குள் செங்கல் செங்கலாக அடுக்கிய கணப்பு அது. ராத்திரி மலிவுக் கரண்ட்டைக் குடித்துக் கல்லைக் காய்ச்சிக்கொள்ளும். பகலெல்லாம் கரண்ட் இல்லாமலே அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். காலையில் அதன் சுவிட்சை அணைப்பது அந்த வீட்டில் பல் தேய்ப்பது மாதிரி. இப்போது சுவர்ச் சுவிட்ச் கீழ்நோக்கி, போட்டபடியே இருந்தது. குமிழ் கடைசி எண்ணில் நின்றது.

"அம்மா, இது பகல்ல ஏன் ஓடுது?"

அம்மா மடியிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"ஒரு வாரமா ஓடுது" என்றாள். "குளிருது குளிருதுன்னாரு. கல்லுல இருக்கிற சூடு சாயங்காலத்துக்குள்ள தீந்துபோகும். பத்து மணி வரைக்கும் அவரு நடுங்கறதப் பாத்துட்டு எப்படி உக்காந்திருக்கறது? போட்டுட்டேன். சுவிட்ச் சத்தம் கேட்டா கண்ணத் திறப்பாரு. 'மலிவு வந்துருச்சா'ம்பாரு. 'வந்துருச்சு, தூங்குங்க'ம்பேன். பகல்னு தெரியக்கூடாதுன்னுதான் திரையப் போட்டு வச்சேன்."

வாசலில் நின்ற கொசாரா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் சேந்தா ஃபியூஸ் தாங்காது. அதான் கீசர நிறுத்திட்டேன். எனக்கென்ன, அடுப்புல தண்ணி காய வச்சு ஜாடியில எடுத்துக்கிட்டேன்."

முந்தைய நாள் வந்திறங்கியபோது கைகால் கழுவ அம்மா ஜாடியில்தான் வெந்நீர் கொடுத்தாள். ஏனென்று கேட்கத் தோன்றாமல் போனது யாகொடாவுக்கு இப்போது சுட்டது.

"அப்ப முன்னெல்லாம் ரெண்டும் எப்படிம்மா ஓடுச்சு?"

"பத்து மணிக்குக் கீசர். நடுராத்திரியில எந்திரிச்சு அத நிறுத்திட்டு இதப் போடுவாரு. குளிர்காலம் பூரா. தானா மாறுதுன்னு நெனச்சியாக்கும்."

அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ராதிசாவ் தொண்டையைச் செருமினார். "அண்ணி, இத நிறுத்தினாத்தான் கீசரு. இல்லேன்னா கொசாரா வீட்டுக் குண்டான்ல முடிச்சுருவோம். எதுன்னாலும் சீக்கிரம் சொல்லுங்க."

"அவருக்குக் குளிரும்" என்றாள் அம்மா.

ராதிசாவ் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார்.

"சித்தப்பா" என்றாள் யாகொடா. அழக்கூடாது என்று நினைத்ததால் குரல் சண்டைக்குப் போவதுபோல் வந்தது. "இந்த வீட்டுல அப்பா என்னைக்கும் கடைசிலதான் குளிச்சாரு. நாங்க மூணு பேரும் காலி பண்ணினதுல. இன்னைக்கு அவரு முதல்ல குளிக்கட்டும். கீசர் நெறைய அவருக்குத்தான்."

ராதிசாவ் அவளையும் பார்த்தார், கட்டிலையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு மணி நேரம்தானே, காயட்டும். அண்ணனுக்கு இனிமே பஸ்ஸா போயிரும்?"

இப்போது எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கணப்பிலிருந்து முதுகை எடுத்தாள். எழுந்து சுவிட்ச்சிடம் போனாள். விரலை வைத்தவள் உடனே அழுத்தவில்லை. 'டக்'கென்று அந்தச் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டேன்" என்றாள் அம்மா, கட்டிலைப் பார்த்து.

அந்த ஒரு சொல்லில்தான் யாகொடாவுக்கு அப்பா இறந்துபோனார். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

ராதிசாவ் புது ஃபியூஸைத் திருகினார். ஃபிரிட்ஜ் உறுமிற்று, கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை எரிந்துகொண்டே இருந்தது. சமையலறையில் கொசாரா காப்பி போட்டாள். ராதிசாவ் கிண்ணத்தில் பிளம் சாராயம் ஊற்றி, முதல் சொட்டைத் தரையில் அண்ணனுக்காகச் சிந்திவிட்டுக் குடித்தார். கீசர் மெல்ல இரையத் தொடங்கியது. கூடத்து மீட்டரில் சக்கரம் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல போற வழியில அண்ணன் திரும்பி இந்த மீட்டரப் பாத்தாருன்னு வையி, போன காரியத்த விட்டுட்டு எறங்கி வந்துருவாரு" என்றார் ராதிசாவ்.

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. கொசாரா அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் காய்ந்ததும் யாகொடாதான் வாளியில் பிடித்துப் பிடித்து உள்ளறை வாசல்வரை கொண்டுபோய் வைத்தாள். கதவு மூடியிருந்தது. உள்ளே துணி பிழியும் சத்தம், இரண்டு ஆண்களின் தணிந்த பேச்சு. திடீரென்று கதவு கொஞ்சம் திறந்தது. ராதிசாவின் கை மட்டும் வெளியே நீண்டது, சிவந்து ஆவி பறக்க.

"அம்மாடி, சூடு தாங்கல. கொஞ்சம் பச்சத்தண்ணி குடு, வெளாவிக்கறோம்."

சாவு வீட்டில் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. ஆனால் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீர் பிடித்தபோது யாகொடாவுக்கு அடக்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

விதோமிரைச் சூட்டும் டையுமாக முன்னறை மேஜைக்குக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அழுக்குத் தண்ணீரை யார் காலும் படாத பிளம் மரத்தடியில் கொசாரா ஊற்றிவிட்டு வந்தாள். அதற்குள் அம்மா போய்க் கீசரை அணைத்துவிட்டிருந்தாள். பகல் பகல்தான்.

"நீங்க ரெண்டு பேரும் குளிச்சுக் கறுப்பு உடுத்துங்க. ஆளு வர ஆரம்பிச்சுரும்" என்றாள் கொசாரா.

"நீ போடி முதல்ல" என்றாள் அம்மா.

"நீங்க போங்க."

"ராத்திரி பூரா கண்ணு முழிச்ச உடம்பு."

"ஒரு வாரமா ஜாடித் தண்ணியில குளிச்சது யாரு? போங்கன்னா போங்க." கறுப்புப் பாவாடையையும் சட்டையையும் கையில் திணித்து, அம்மாவைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த வெந்நீர். விழட்டும் என்று யாகொடா வெளியிலேயே காத்திருந்தாள்.

அம்மா வந்த பிறகு அவள் தொட்டிக்குள் நின்று குழாயைத் திறந்தபோது முதலில் வெதுவெதுப்பாக வந்தது. தலையில் சோப்புப் போடுவதற்குள் அதுவும் போய்விட்டது. தை மாதத்துக் குளிர் முதுகுத்தண்டில் நேராக இறங்கியது. வெளியே குதித்துவிடலாம் என்று கால் துடித்தது. இதிலா அவர் நின்றார், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்? இதிலிருந்து வெளியே வந்துதானா தோல் உரிஞ்சிருச்சு என்றார்? யாகொடா குழாயை மூடவில்லை. பல் கிட்டிக்க, சோப்பு முழுவதும் போகும்வரை நின்று குளித்தாள்.

கறுப்பு உடுத்தி வெளியே வந்தாள். அம்மா உள்ளறையில் காலிக் கட்டிலைப் பார்த்தபடி ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை விலகியிருந்தது. அணைத்து இத்தனை நேரமாகியும் கணப்பு சூடாகத்தான் இருந்தது; உள்ளே கல் நிறைய நேற்றைய சூடு.

"தண்ணி சூடா இருந்துச்சா?" என்றாள் அம்மா.

"கொதிச்சுதும்மா."

அம்மா அவள் உதட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கணப்பின் மேல் விரித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.