கையெழுத்துப் போடாத வாத்துகள்

ஒவ்வோர் அக்டோபரிலும் வெர்லின் ஷ்ராகின் ஸ்டாம்பு ஆல்பத்தில் இருந்த வாத்துகள் தெற்கே கிளம்பிப் போய்விடும். கன்ஸாஸில் எங்கள் டோலிவர் மாவட்டத்தில் அதே வாரம் கோதுமை விலை இறங்கும், பள்ளிக்கூடக் கால்பந்து அணி வழக்கம்போலத் தோற்கும். ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடும். வாத்துகள் போனாலும் ஸ்டாம்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கும். நாணல், தண்ணீர், வருடம், ஒரு டாலர் என்ற விலை எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் பறவை உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அதன் வடிவத்திலேயே வெள்ளையாகக் கிடக்கும். மீன்பிடி ஸ்டாம்புகளில் இருந்த கெளுத்திகள் எங்கும் போவதில்லை. குளிர் வந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், பக்கம் ஈரமாகும், வெர்லின் மையொற்றும் காகிதத்தால் ஒற்றி எடுப்பார். மார்ச்சில் வாத்துகள் தத்தம் ஸ்டாம்புக்கு ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும்.

மற்றவர்களுடைய வாத்துகள் இப்படிப் போவதில்லை. எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகிறவன் அதற்கான அனுமதி ஸ்டாம்பை வாங்கி, நக்கி லைசன்ஸின் பின்பக்கம் ஒட்டி, பறவையின் நெஞ்சுக்குக் குறுக்கே பேனாவால் கையெழுத்துப் போடுவான். அப்போதுதான் ஸ்டாம்பு செல்லுபடியாகும். மை விழுந்த பறவை அசையாது, அவன் பர்ஸுக்குள்ளேயே கிடந்து காலம் தள்ளும். வெர்லின் ஒரு சிட்டுக்குருவியைக்கூடச் சுட்டதில்லை. ஸ்டாம்பு சேகரிக்கிறவர்களுக்கு மை பட்டது எல்லாம் இரண்டாம் தரம், ஆகவே அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பேனா இருக்கும் மேசையில் ஆல்பத்தை வைக்கக்கூட மாட்டார். மனைவி லவோன் கல்யாணமான நாள் முதல் அந்தப் பக்கங்களைத் தொட்டதில்லை, வெர்லின் தொட விட்டதுமில்லை. புதிதில் ஒருமுறை கடல் பார்க்கவேண்டும் என்று லவோன் கேட்டார். வாத்துகள் வருகிற நேரம், யாராவது வீட்டில் இருக்கவேண்டாமா என்றார் வெர்லின். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. இதைப் பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெர்லினின் உயிர், எங்கள் மாவட்டமே அச்சடித்த ஒரு ஸ்டாம்பில் இருந்தது. மழை பொய்த்துச் சதுப்புகள் காய்ந்து பறவைகள் குறைந்துபோன காலத்தில், குளங்களை மீட்கக் காசு வேண்டுமென்று மாவட்ட எழுத்தர் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அதை அடித்தார். படம் வரைந்தது அவருடைய தங்கை. பச்சைத் தலை ஆண் ஒன்று, பழுப்புநிறப் பெட்டை ஒன்று, இரண்டுக்கும் அலகு கொஞ்சம் கோணல். அத்தனையும் வேட்டைக்காரர்கள் கையெழுத்தில் வீணாகிப்போக, சுத்தமாகத் தப்பியது இவரிடம் இருந்த ஒன்றுதான். ஒரு மார்ச்சில் அந்த ஆண் வாத்து தனியாக வந்து சேர்ந்தது. பக்கம் பக்கமாக நடந்து மற்ற வாத்துகளிடம் போய் நின்றுவிட்டு வந்தது. ஆல்பம் முழுக்கச் சேற்றுக் கால் தடம்.

அடுத்த ஞாயிறு லவோனின் அண்ணன் ஹார்லன் வீட்டில் சாப்பாடு. ஹார்லன் குளிர்பெட்டியிலிருந்து சீட்டுக்கட்டுச் சீட்டுபோலத் தட்டையாக, கட்டைவிரல் அளவில் பழுப்புப் பறவை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன ஜாதின்னு சொல்லுங்க மாப்ள. நவம்பர்ல விழுந்துச்சு. வறுத்தா ஒரு வாய்க்குக்கூட வராது போல."

வெர்லின் கோணல் அலகைப் பார்த்தார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார்.

"அது என்னோட வாத்து மச்சான்."

"உங்களோடதுன்னா பேரு போட்டு வச்சிருக்கணும்ல. நான் லைசன்ஸோடதான் சுட்டேன்."

வேட்டை அதிகாரி டார்லா பெல்ஸர் வந்து இரு தரப்பையும் கேட்டார். கையெழுத்தில்லாத ஸ்டாம்பு செல்லாது, செல்லாத ஸ்டாம்பில் இருக்கிற பறவை யாருக்கும் சொந்தமில்லை, ஹார்லன் மேல் தப்பில்லை என்றார். இருப்பதிலாவது கையெழுத்தைப் போட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் பை ஒரு துண்டு சாப்பிட்டுப் போனார்.

வெர்லின் போடவில்லை. ஆண் வாத்தோ நாளுக்கு நாள் வெளுத்தது. பச்சைத் தலை சாம்பலாகிக்கொண்டே வந்தது.

"எத்தன நாளைக்கு அது இப்படிக் கெடக்கும்? எதாச்சும் செய்யுங்க," என்றார் லவோன்.

"வெயில் படாமத்தானே வச்சிருக்கேன்."

"அதுக்கு வெயில் இல்லைங்க கேடு. தொணை இல்ல, அதான்."

வெர்லின் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த சமயம் லவோன் ஆல்பத்தைத் திறந்து, பெட்டை இருந்த வெள்ளை இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரை எழுதினார். திரும்பி வந்து பார்த்த வெர்லின் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோதுமை அறுவடை முடியும்வரை மனைவியோடு பேசவில்லை. வாத்து அந்தப் பெயரின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியது, இரண்டே வாரத்தில் பச்சை திரும்பியது.

அக்டோபர் வந்ததும் லவோன் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வாத்தோடு தெற்கே போனார். யாரும் வாயைப் பிளக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்தானே ஸ்டாம்புக்குச் சொந்தக்காரர். லவோன் வேலை பார்த்த பள்ளிச் சமையலறையில் பருவ விடுப்புக் கொடுத்தார்கள். சர்ச் பெண்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல வெர்லினுக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஹார்லன் துப்பாக்கியைத் தொடவே இல்லை, வானத்தில் எது தங்கச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெர்லின் தினமும் ஆல்பத்தைத் திறந்து, அந்த வெள்ளை இடத்தில் பெயர் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பார். மனுஷன் தவித்துப்போய்விட்டார்.

மார்ச்சில் லவோன் வெயிலில் முகம் கறுத்து, முடியெல்லாம் உப்பாக வந்திறங்கினார். கோடை முழுக்கக் கடலைப் பற்றியே பேச்சு. வெர்லின் குறுக்கே பேசாமல் கேட்டார். மறுபடி அக்டோபர் வந்தது. லவோன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வர்றீங்களா, இல்ல இங்கயே ஒக்காந்து காவல் காக்கப் போறீங்களா?"

"நான் பறந்ததே இல்லையே லவோன்."

"நான் மட்டும் பறந்துக்கிட்டேவா பொறந்தேன்?"

வெர்லின் ஒற்றைக் காட்டு வாத்து இருந்த, மூலை மடங்காத, ஓரப் பல் ஒன்றுகூட உடையாத ஸ்டாம்பைத் தேர்ந்தெடுத்தார். மேசை இழுப்பறையில் பேனாவைத் தேடினார். நாணலுக்குள் மை சிந்தியது. தண்ணீரின் மேல் தன் பெயரை முழுசாக எழுதினார்.

அடுத்த கூட்டத்தில் ஸ்டாம்பு சேகரிப்பாளர் சங்கம் அவருடைய தொகுப்பை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. விஷயத்தைச் சொல்ல மார்ச் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. வந்திறங்கிய வெர்லின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். "அப்படியா," என்றார். பிறகு மனைவியின் கோட்டில் ஒட்டியிருந்த பாசியைக் கையால் தட்டிவிட்டார்.