கவராயம் குத்திய ஓட்டை

துருக்கியருக்குப் பயந்து வெனிஸ்காரர்கள் கட்டிய ஒன்பது முனைக் கோட்டை நகரமான ஸ்தெல்லார்தா, குடியேற்றம் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடுவே சுற்ற ஆரம்பித்தது. பெரிய வேகமில்லை, செக்குமாட்டு நடைதான். மதியத்துக்குள், வெனிஸ் சாலையைப் பார்த்திருக்க வேண்டிய வெனிஸ் வாசல் சதுப்பு நிலத்தைப் பார்த்து நின்றது. சந்தைக்குக் கிளம்பிய வாத்துக்காரர்கள் முழங்கால் சேற்றோடு திரும்பி வந்து, நகரை வரைந்த லத்தான்சியோவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

படத்தில் உள்ளதை மயிரிழை மாறாமல் கட்ட வேண்டும் என்பது குடியரசின் ஆணை. கொத்தனார் சோர்சி அப்படியே கட்டினார். வட்டம் போடக் கவராயம் ஊன்றிய ஓட்டையைக்கூட விடாமல், அளவைப் பெருக்கி, சதுக்கத்தின் நடுவில் கிணறு போலத் தோண்டிவிட்டார். கவராயம் சுற்றிய இடத்தில் நகரமும் சுற்றாமல் என்ன செய்யும்?

"நான் எங்கய்யா ஓட்டை வரைஞ்சேன்?"

"வரையல ஐயா, குத்தியிருந்தீங்க. தாள்ல இருந்துச்சா இல்லையா?" என்றார் சோர்சி.

மண்ணும் கல்லும் கொட்டினார்கள். ஓட்டை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. இதற்கிடையில் வெனிஸிலிருந்து மேற்பார்வையாளர் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. துருக்கியருக்காக வைத்த பீரங்கிகள் அப்போது வெனிஸைக் குறிபார்த்துக்கொண்டிருந்தன. தேசத்துரோகம், லத்தான்சியோவின் தலை போகும்.

கள்ளக்கடத்தலுக்காகச் சிறையில் இருந்து, இங்கே குடியேறச் சம்மதித்ததால் மன்னிப்புப் பெற்ற ஓர்சொலா, ஓட்டையை அடைக்க வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பாலாடைக்கட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். ஏது என்று யாரும் கேட்கவில்லை.

"படத்துல இல்லாததை வைக்க விடமாட்டேன்!" லத்தான்சியோ மறித்தார்.

"அப்போ வரைஞ்சு தொலைங்க. தலை போனப்புறம் எதை வச்சு யோசிச்சுக் கோடு போடுவீங்க?"

பார்த்துப் பார்த்துப் போட்ட படத்தில் பாலாடைக்கட்டியா என்று வாய்விட்டு அழுதபடியே வரைந்தார். பீரங்கிகள் துருக்கியர் இருக்கும் கிழக்கே திரும்பும்வரை காத்திருந்து, ஓர்சொலா கட்டியை உதைத்து உள்ளே தள்ளினாள். நகரம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வெனிஸ் வாசல் வழியாகவே வந்த மேற்பார்வையாளர், சதுக்கத்தில் மூக்கைச் சுளித்தார், படத்தோடு ஒப்பிட்டார், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் எலிகள் கட்டியைக் கண்டுபிடித்தன. நகரம் லேசாக நகர்ந்தது. லத்தான்சியோ இம்முறை அழவில்லை. கட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூனையை வரைந்து சோர்சியிடம் நீட்டினார். அவசரத்தில் மை இழுபட்டு, பூனையின் இடது காது மடங்கியிருந்தது. சோர்சி ஊர் ஊராக அலைந்து, இடது காது மடங்கிய பூனையாகவே பார்த்துப் பிடித்து வந்தார். இன்றும் கோட்டைக் காவல் அதன் வம்சத்திடம்தான். குட்டிகள் எல்லாம் இடது காது மடங்கித்தான் பிறக்கின்றன. படத்தில் அப்படித்தான் இருக்கிறது.