சுருண்ட சிறகும் கருப்பு உருண்டையும்

இபாதானில் எங்கள் ஆய்வகத்தின் ஈ வளர்க்கும் அறைக்கு ஏசி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். நாள் முழுக்க ஈக்களுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பதினேழில் வைத்துவிட்டு ரிமோட்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆராய்ச்சி மாணவி அரினோலாவின் மூன்று வருட உழைப்பும் அதே அறையில்தான் இருந்தது. விந்தணு உருவாகும்போது அதற்குள் சிதறிக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றுசேர்ந்து, உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரே கருப்பு உருண்டையாகத் திரளும். அவற்றைச் சேர்த்துவைப்பது தன்னுடைய புரதம்தான் என்பது அவள் கட்சி. அப்படியானால் புரதம் இல்லாத ஆண் ஈக்களில் உருண்டை சிதற வேண்டும். ஆனால் ஈயை அறுத்து, விதையைக் கண்ணாடிச் சில்லுக்கடியில் வைத்து அழுத்திப் பார்த்தால், மூன்றில் இரண்டு ஈக்களில் அது முழுசாக உட்கார்ந்திருந்தது.

“மிச்ச ஒண்ணு நீ கண்ணாடியை அழுத்தி நசுக்கினது,” என்றார் பேராசிரியர் ஒடேவாலே. “மாசக் கடைசிவரைக்கும் பாரு. சரியா வரலைன்னா எல்லா பாட்டிலையும் கொட்டிட்டு வேற வேலையைப் பாரு.”

மறுநாளே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பதினோரு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் நுண்ணோக்கிக்கு மட்டும். அறை வெந்தது. மின்சாரக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மாசக் கடைசி நாள், அரினோலா புதிதாகப் பிறந்த ஈக்களை மயக்கித் தட்டில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். புரதத்தின் மரபணுவோடு சுருள் சிறகும் சேர்ந்தே வரும்படி வளர்த்த ஈக்கள் அவை. எங்கள் வழக்கம் இதுதான்: சிறகு சுருண்டிருந்தால் புரதம் உள்ள ஈ, ஓரமாகத் தள்ள வேண்டும். நேராக இருந்தால் புரதம் இல்லாதது, எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை.

“சிகிரத், இங்க வா. என்னடி, இத்தனை நாள் ஒண்ணு ரெண்டுதான் சுருளும், இன்னிக்கு மூணுல ரெண்டு சுருண்டு கெடக்கு?”

“வெக்கையில எனக்கே முடி சுருண்டுக்குது. ஈ என்ன பண்ணும்?”

அவள் செத்துக் கிடந்த ஏசியை நிமிர்ந்து பார்த்தாள். “ஏசியை எத்தனையில வச்சிருந்த?”

“பதினேழு.”

“அடிப்பாவி! குளிர்ல வளர்ந்தா சுருள் சிறகு நிமிர்ந்துக்கும்டி! நிமிர்ந்ததையெல்லாம் நம்பி அறுத்திருக்கேன். மூணுல ரெண்டு புரதம் உள்ள ஈ!”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவளோ அதற்குள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டாள். நேர் சிறகு பத்து: பத்திலும் உருண்டை சிதறிக் கிடந்தது. சுருள் சிறகு பத்து: ஒன்றுகூடச் சிதறவில்லை.

பேராசிரியரைக் கையோடு கூட்டிவந்தேன். அரினோலா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். “ப்ரொஃப், நீங்களே அழுத்துங்க. நான் தொடமாட்டேன்.”

அவர் நேர் சிறகு ஈ ஒன்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. “இன்னொண்ணு குடு,” என்றார். பிறகு இன்னொன்று. ஐந்தாவதில் நிமிர்ந்தார்.

“நான் நசுக்கலையே?”

“இல்ல ப்ரொஃப். புரதம் இல்ல.”

“நசுக்கினேன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோம்மா,” என்றார் வேர்வையைத் துடைத்தபடி. அரினோலா போட்ட கூச்சலில் பக்கத்து அறை ஆட்களெல்லாம் ஓடிவந்தார்கள். நான் கஞ்சிக் கரண்டியோடு ஆடினேன். அப்படியொரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை.

ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. ஏசி உறுமியது. அரினோலா என் கைப்பையைத் திறந்து ரிமோட்டை எடுத்து, இருபத்தைந்தில் வைத்து, தன் பையில் போட்டுக்கொண்டாள்.