பிரியமாகச் சொன்னது

...அப்படியொன்றும் கெட்ட வார்த்தை இல்லையே அது, அவள் வேலை பார்க்கும் பெங்களூரு கம்பெனியில் ஒருவரையொருவர் நாளெல்லாம் சொல்லிக்கொள்வதுதான், கூஃபி என்று இங்கிலீஷில், கேட்டால் சிரிப்புத்தான் வரும், யாருக்கு வலிக்கப்போகிறது... ஆனால் காரின் முன் சீட்டில் மாமா திரும்பவே இல்லை. ஆடிச் சனிக்கிழமையில், சனீஸ்வரன் கோயில் கூட்டத்தில், குச்சனூர் வழியாகப் போகலாம் என்றது எந்தப் புத்தியோ, முன்னால் வேன், பின்னால் பஸ், கதவைத் திறந்து இறங்கவும் வழியில்லாமல் இருபக்கமும் பைக்குகள், அனுசுயாவுக்கு மூச்சு முட்டியது. காலையில் சின்னமனூர் காதுகுத்து வீட்டில் அவளுடைய கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டு, மாமனார் பொன்னுராஜ் இடுப்பில் கைவைத்து நின்றார். வீடியோ காலில் இருந்த தோழிகளுக்குப் போனைத் திருப்பிக் காட்டி, ஹீ இஸ் ஸோ கூஃபி என்றாள். அவர்கள் சிரித்தார்கள், புருஷன் விஜய்பாண்டி சிரித்தான், ஏன், மாமாவே சிரித்தாரே. பிறகு கண்ணாடியைக் கழற்றி, தோள் துண்டில் துடைத்து, மடக்கிக் கையில் கொடுத்தார். அதோடு சரி. வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விடலாம், கல்யாணமான கையோடு வேலையை விட்டுவிடு என்று வீடே ஒற்றைக்காலில் நின்றபோது, "நீ விடாதத்தா, நான் பாத்துக்கிறேன்" என்ற ஒரே ஆள் இவர், இவரும் வாயை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தமிழில் சொல்லிப் பார்த்தாள், கோமாளி, அசடு, கிறுக்கு... ஐயோ, எதைத் தொட்டாலும் சுட்டது.

"ஏத்தா, காலையில சொன்னியே, அது வையிற வார்த்தையா?" மாமா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். இல்லை மாமா, பிரியமாகச் சொல்வது என்றாள், அவசரமாக, குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது, பொய்யில்லையே, பிரியம்தானே...

"பிரியம்னா எங்கிட்டயே சொல்லிருக்கலாம்லத்தா." கோபமில்லாமல்தான் சொன்னார். விஜய்பாண்டி ஹாரனை அழுத்தினான், ஒருவரும் நகரவில்லை. இவ்வளவு நேரமும் அந்த வார்த்தையையே எடைபோட்டுக்கொண்டிருந்தாளே... மாமாவுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பாளா? பக்கத்தில்தான் நின்றார், அவளைப் பார்த்துத்தான் சிரித்தார், புரியாது என்ற தைரியத்தில், நிற்கிற மனுஷனை அங்கே இல்லாதவராக்கி... அவளுக்கு உடம்பு கூசியது.

"மாமா..."

"சொல்லுத்தா," என்றார் உடனே, எப்போதும்போல.