ஆன்லினின் கஞ்சிப் போணி

ஆன்லினுக்கு நாலு வயசு. இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். புன்னைக்காயலில் பார்க்காத வைத்தியம் கிடையாது. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டுத் தடவினார்கள், மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார்கள். நேற்று வலிப்பு வந்த பிறகுதான் அவள் அப்பன் மத்தியாஸுக்குப் புத்தி வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் ஈயம் உருக்குகிறாயா என்று கேட்டார். மத்தியாஸ் ஆமென்று தலையாட்டினான். பழைய கார் பேட்டரியை உடைத்து, ஆசிட்டை மணலில் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கித்தானே மீன்வலையில் கட்டும் குண்டு வார்க்கிறான்? தெருவில் பாதிப்பேர் அப்படித்தான்.

செத்த பேட்டரியும் விஷக்கழிவுதான் என்றார் அவர். உடைந்த டியூப்லைட், பூச்சிமருந்து டப்பா, ஆஸ்பத்திரி ஊசி எல்லாமே அந்தக் கணக்குதானாம். விஷக்கழிவு என்றால் ஃபேக்டரிக்காரன் ஆற்றில் விடுவது என்றுதான் மத்தியாஸ் நினைத்திருந்தான். அதை எதிர்த்துக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தொண்டை கிழியக் கத்தியவன்தானே இந்த மடையன்!

"வெறும் புகையில ரத்தத்துல இவ்வளவு ஈயம் ஏறாது," என்றார் டாக்டரம்மா. " சாப்பாட்டோட ஏதோ உள்ள போகுது. அது என்னன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இல்லன்னா நாங்க மருந்து ஏத்தியும் பிரயோசனமில்ல. இன்னொரு வலிப்ப பிள்ள தாங்காது."

மத்தியாஸ் கட்டிலருகே உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டான். ஈயம் உருக்கும் அடுப்பு கொல்லையில்தான். பிள்ளையை அந்தப் பக்கமே விட்டதில்லை. தண்ணீரும் மீனும் எல்லோருக்கும் ஒன்றுதான். இவளுக்கு மட்டும் ஏன்?

மத்தியானம் அவன் பெண்டாட்டி கிரேஸி ஊரிலிருந்து தூக்குப் போணியில் கஞ்சி கொண்டுவந்தாள். அதிசயமாக ஆன்லின் வாயைத் திறந்தாள். கிரேஸிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கரண்டியில் அள்ளினாள். எவர்சில்வர் போணியின் பளபளப்பு மத்தியாஸின் கண்ணைப் பறித்தது.

"ஏட்டி, இத எத வச்சு வெளக்குன?"

"சாம்பல்தான். சோப்பு வாடை பிள்ளைக்குக் குமட்டுதுன்னு அவ தட்டு, தம்ளர் எல்லாத்துக்கும் ரெண்டு மாசமா சாம்பல்தான போடுதேன்."

"எந்தச் சாம்பல்?"

"கொல்லையில உங்க அடுப்புச் சாம்பல்தான். கேஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்க போவ?"

கரண்டி பிள்ளையின் உதட்டைத் தொடப்போனது. மத்தியாஸ் தட்டிவிட்டான். கஞ்சி தரையெல்லாம் சிந்தியது. பசியில் ஆன்லின் வீறிட்டாள். கிரேஸி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இன்னைக்குத்தானே பிள்ளை வாயைத் திறந்தாள், பாவி மனுசா, என்று கதறினாள்.

இந்தக் கையால்தான் விஷத்தை ஊட்டினாய் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வான்?

"எங்குத்தம்ட்டி," என்றான். "எல்லாம் அந்த ஈய அடுப்பு. சாம்பல்லயும் விஷம் இருந்திருக்கு."

கிரேஸியின் பிடி தளர்ந்தது. விரல்களை விரித்துப் பார்த்தாள். காலையில் போணி விளக்கிய சாம்பல் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது.