பச்சை பிடிக்காத இடம்

விடியுமுன்பே நானும் என் நாத்தனாரும் ரப்பர் குழாயை இழுக்கத் தொடங்கிவிடுவோம். தண்ணீர் நிறைந்த குழாய் தோளை அறுக்கும். புல் விதையும் காகிதக் கூழும் பச்சைச் சாயமும் கலந்து, டேங்கர் வண்டியிலிருந்து தொழிற்சாலையின் முன்வெளியெங்கும் பீய்ச்சியிருந்தார்கள். புல் வேர் பிடிக்கும்வரை மண் காயவும் கூடாது, கரைந்து ஓடவும் கூடாது. குழாய் வாயை விரலால் அடைத்துத் தூறலாகத் தூவ வேண்டும், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல. தடம் விழுமென்று செருப்புக்குத் தடை போட்டிருந்தார் முதலாளி. எங்கள் கால் என்ன ஆனால் அவருக்கென்ன!

எங்கும் ஊசி ஊசியாக முளை கிளம்பியது. சுவரோரம் ஒரு பட்டை மட்டும் முளைக்கவில்லை. சாயம் வெளுக்க வெளுக்க அங்கே சாம்பல் நிற மண் தெரிந்தது. ஓர் எறும்புகூட அதன்மேல் ஊரவில்லை. வெயில் ஏறினால் கசந்த நெடி தொண்டையைப் பிடித்தது. அந்தப் பக்கம் நாத்தனாரின் பொறுப்பு. முதலில் அவளுக்குக் கால் விரலிடுக்கில் அரித்தது. இன்று பாதம் முழுக்கக் கொப்புளம்.

"அண்ணி, கால் வைக்க முடியல," என்றாள்.

ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் முதலாளியும் வந்து, அந்தப் பட்டையைக் காட்டி நாத்தனாரைக் கேட்டார்.

"இங்க மட்டும் தண்ணி விட உனக்குக் கை வலிக்குதா?"

"விட்டேங்க. முளைக்கல. என் காலுதான் வெந்துபோச்சு."

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்! நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே." டேங்கர் ஓட்டும் அண்ணனிடம் திரும்பினார். "மாசு சோதனைக்கு ஆபீஸருங்க வர்றாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை அடிச்சிடு. விதை வேணாம், சாயம் போதும்."

டேங்கர் அண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை. சுமை தூக்கும் மொட்டை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"போன வருஷம் அங்க குழி வெட்டிப் பீப்பாயை இறக்கி மூடினது நாங்கதான். காலிப் பீப்பாய்னு சொன்னீங்க. காலின்னா ஏன் அப்படிக் கனத்துச்சு?"

"வாங்குற கூலிக்கு வாயை மூடிக்கிட்டு இரு!"

மொட்டை சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை வரை கொப்புளம் ஆறிய வடு. நான் சுவரைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வரிசை வீடுகள். சுவரை ஒட்டித்தான் அடிபம்பு.

"நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணி!" என்று கத்திவிட்டேன்.

டேங்கர் அண்ணன் வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் அடிக்கமாட்டேன். வேற ஆளையும் அடிக்க விடமாட்டேன்."

நாத்தனாரின் செருப்பை எடுத்துவந்து நானே அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டையின்மேல் போய் நின்றாள். ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள், எல்லாரும் செருப்போடு.

"புல்லை மிதிக்காதீங்க! இறங்குங்க!" முதலாளியின் குரல் உடைந்தது.

"புல்லு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள் நாத்தனார்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. வருகிறவர்கள் முதலாளிக்கு வேண்டியவர்களாகவே இருக்கலாம். நாளை எங்களில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் நகரவில்லை. குழியைத் திரும்பத் தோண்ட மொட்டை மண்வெட்டியோடு வந்தான். அவன் பின்னால் கடப்பாரைகள் வந்தன.