அடித்தளத்து அலமாரி

அமெரிக்கக் கல்லூரியில் எங்கள் மாணவர் சங்கத்தின் பெயர் மூன்று கிரேக்க எழுத்துகள். பலமோ, விடுதி அடித்தளத்தில் நிற்கும் இரும்பு அலமாரி. தேர்வு முடிந்து திருத்தித் தந்த விடைத்தாளை எவனானாலும் அதில் போட வேண்டும். பெயரும் மதிப்பெண்ணும் உள்ள மேல்பகுதியைக் கிழித்துவிடுவோம். சங்கத்துச் சகோதரர்களுக்குள் மட்டம் உசத்தி கிடையாது.

“ரொம்பப் படிச்சுக் கிழிக்காதடா. பொருளாதாரத்துல கேள்வி மாறினதே இல்ல. பழசை மனப்பாடம் பண்ணு,” என்றேன் சங்கத் தோழன் காரெட்டிடம்.

பொருளாதாரத் தேர்வில் அதே கேள்விகள்தான் வந்தன. ஜம்மென்று எழுதினோம்.

மறுவாரம் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். இரண்டு தாளிலும் கடைசி விடை வரிக்கு வரி ஒன்றுபோல் இருந்தது. அந்த விடைக்கு இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

காரெட் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் நிமிர்ந்தே நின்றேன். “காப்பி அடிக்கல, சார். நாங்க படிச்சது அப்படி.”

“தெரியும்,” என்று கை நீட்டினார். குலுக்கும்போது அவர் சுண்டுவிரல் என் சுண்டுவிரலில் கொக்கி போட்டது. எங்கள் சங்கத்தார் மட்டுமே அறிந்த கைகுலுக்கல் அது.

“நான் இங்க படிச்ச காலத்துல அந்த விடைய எழுதினதே நான்தான். எனக்கும் முட்டைதான் போட்டாங்க.”

நான் கையை விடவில்லை.

“அப்போ சரியான விடைய எழுதிக் குடுங்கண்ணே. அலமாரியில வச்சிடறேன்.”